லிட்டருக்கு இருபது மில்லி

சாலையை விட்டுப் போன டூ ஸ்ட்ரோக் என்ஜின் இப்போது தோளில் ஏறி வந்திருக்கிறது. அதற்கு எந்த எண்ணெய், எவ்வளவு? கிள்ளையிலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை.

சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் போகும் வழியில் இருக்கிறது கிள்ளை. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி கடல் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் ஊர். அவரை இஸ்லாமியர்கள் வரவேற்று மரியாதை செய்யும் ஊரும் இதுதான். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், கிழக்கே காடும் கழியும் கடலும். இங்கே காலை வேளையில் மூன்று சத்தங்கள் மாறி மாறிக் கேட்கும். ஐஸ் பெட்டியையும் மீன் கூடையையும் கட்டிக்கொண்டு உள்ளூர்ப் பக்கம் கிளம்பும் பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர் மொபெட்டின் படபடப்பு ஒன்று. வரப்பில் புல் வெட்டும் பிரஷ் கட்டரின் இரைச்சல் இன்னொன்று. சவுக்குத் தோப்பில் மரம் அறுக்கும் மெஷினின் அலறல் மூன்றாவது. மூன்றும் டூ ஸ்ட்ரோக் என்ஜின்கள். மூன்றுக்கும் பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்துதான் ஊற்ற வேண்டும்.

இருபது வருடங்களுக்கு முன்பு இதைப் பற்றி யாரும் கட்டுரை எழுத வேண்டியிருக்கவில்லை. பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தினால், 'ஆயில் எவ்வளவுண்ணே?' என்று பங்க் பையனே கேட்பான். பம்புக்குப் பக்கத்தில் 2டி ஆயில், அதாவது டூ ஸ்ட்ரோக் எண்ணெய், விடும் கைப்பிடி வைத்த குழாய் நிற்கும். ஒரு அழுத்து, இரண்டு அழுத்து. எண்ணெய் முதலில் டேங்கில் விழும், அதன் மேல் பெட்ரோல் இறங்கும், இறங்கும் வேகத்திலேயே கலந்துவிடும். டிவிஎஸ் 50, சேட்டக், ராஜ்தூத், ஆட்டோ என்று பாதிச் சாலை டூ ஸ்ட்ரோக்காக இருந்த காலம் அது. ஓசூரிலிருந்து 1980-இல் வந்த டிவிஎஸ் 50-தான் மீன், பால், கீரை, நெல் மூட்டை எல்லாவற்றையும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமந்தது. பிறகு புகைக் கட்டுப்பாடு இறுகியது. 2015-இல் நான்கு ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வந்தது. 2017-இல் பிஎஸ்-4 விதி நடைமுறைக்கு வந்தபோது டூ ஸ்ட்ரோக் மொபெட்டின் கதை முடிந்தது. பங்க்கில் அந்தக் கைப்பிடிக் குழாயும் ஒவ்வொன்றாக மறைந்தது.

ஆனால் என்ஜின் மறையவில்லை. கைக்கும் தோளுக்கும் இடம் மாறிவிட்டது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியபோது பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. கோடாலியை வைத்துக்கொண்டு அத்தனை மரத்தையும் அகற்ற முடியாது. செயின்சா ஊர் ஊராக வந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்தபோதும் அதே கதை. நடுவில் கூலிக்கு ஆள் கிடைப்பது அரிதாக, வேளாண் இயந்திர மானியங்கள் வர, களை எடுக்கவும் புல் வெட்டவும் மருந்து அடிக்கவும் சிறு என்ஜின்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தன. இவற்றில் பெரும்பங்கு டூ ஸ்ட்ரோக். எடை குறைவு, சாய்த்தாலும் கவிழ்த்தாலும் ஓடும். தோளில் மாட்டும் கருவிக்கு அதைவிட என்ன வேண்டும்?

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. எண்ணெய் அளந்து ஊற்றிக் கொடுத்த பங்க் பையன் இப்போது இல்லை. கலப்பது நம் கையில் வந்துவிட்டது. எப்படிக் கலப்பது என்ற அறிவு மட்டும் கூடவே வரவில்லை. கடையில் மெஷினை வாங்கும்போது 'ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் ஆயில் விட்டுக்குங்க' என்ற அளவில் பாடம் முடிந்துவிடுகிறது. அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல் எத்தனை என்ஜின்களின் உயிரை வாங்கியிருக்கிறது என்பதை எந்த ஊர் மெக்கானிக் பட்டறைக்குப் போனாலும் பார்க்கலாம். கீறல் விழுந்த பிஸ்டன்கள் ஒரு டப்பா நிறையக் கிடக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது?

நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் எண்ணெய் அடியில் தனியாகத் தேங்கி நிற்கும். சுற்றிச் சுற்றி வரும், அழுக்கானதும் மாற்றுவோம். அது குளத்துத் தண்ணீர் என்றால் டூ ஸ்ட்ரோக் எண்ணெய் வாய்க்கால் தண்ணீர்: வரும், போகிற வழியில் நனைக்கும், திரும்பாது. பெட்ரோலும் காற்றும் எண்ணெயும் சேர்ந்த கலவை முதலில் கிராங்க் இருக்கும் அறைக்குள் நுழைகிறது. பெட்ரோல் ஆவியாகிப் பிரிய, எண்ணெய்த் துளிகள் கிராங்க் பேரிங்கிலும் கனெக்டிங் ராடின் இரு முனைகளிலும் சிலிண்டர் சுவரிலும் படிகின்றன. அங்கே வேலை செய்த பிறகு அதே எண்ணெய் மேலே போய், எரிந்து, சைலன்சர் வழியாக வெளியேறுகிறது. மசகும் அதுதான், எரிபொருளும் அதுதான். ஆகவே நல்ல 2டி ஆயிலிடம் நாம் கேட்பது ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வரங்கள். சூட்டில் கரையாமல் உலோகத்தைப் பற்றிக்கொண்டு நிற்க வேண்டும். வேலை முடிந்ததும் மிச்சம் வைக்காமல் எரிந்துபோக வேண்டும்.

எண்ணெய் குறைந்தால் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும். பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கயிற்றை இழுத்தால் நகராது. போர் அடித்து, புது பிஸ்டனும் ரிங்கும் போட வேண்டும். பிரஷ் கட்டரின் விலையில் கணிசமான பங்கு அந்த ஒரு வேலைக்கே போய்விடும்.

எண்ணெய் கூடினால் என்ன ஆகும் என்பதில்தான் நம் ஊரில் தவறான நம்பிக்கை வேரூன்றிக் கிடக்கிறது. 'கூட ஊத்துனா என்ஜினுக்கு நல்லது' என்று பெரியவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். டிவிஎஸ் 50 ஓட்டியவர்களுக்கு அதன் பலன் நினைவிருக்கும்: ப்ளக் நனைந்து கறுத்துப்போகும், உதைத்தாலும் ஸ்டார்ட் ஆகாது, மேட்டில் ஏறாது. மெக்கானிக் சைலன்சரைக் கழற்றித் தீயில் போட்டுக் கரியை எரித்து எடுப்பார். இன்னொரு கேடு கண்ணுக்குத் தெரியாது. கார்புரேட்டரின் ஜெட் குறிப்பிட்ட அளவு திரவத்தைத்தான் விடும். அதில் எண்ணெயின் பங்கு கூடினால் பெட்ரோலின் பங்கு குறையும். பெட்ரோல் குறைந்த கலவை சூடாக எரியும். என்ஜினைக் காப்பாற்றுவதாக நினைத்து ஊற்றிய எண்ணெய் அதன் சூட்டைக் கூட்டிவிடுகிறது.

பழைய எக்ஸ்எல் சூப்பருக்குச் சொல்லப்பட்ட அளவு லிட்டருக்கு இருபது மில்லி, அதாவது ஐம்பதுக்கு ஒன்று. இன்றைய செயின்சாக்களிலும் பிரஷ் கட்டர்களிலும் பெரிய கம்பெனிகள் சொல்வதும் பெரும்பாலும் இதே ஐம்பதுக்கு ஒன்றுதான். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஸ்டில் கையேட்டில் அந்தக் கம்பெனியின் சொந்த எண்ணெய்க்கு ஐம்பதுக்கு ஒன்று, வேறு எண்ணெய் என்றால் இருபத்தைந்துக்கு ஒன்று என்றிருக்கும். ஹஸ்க்வர்னாவில் சொந்த எண்ணெய்க்கு ஐம்பதுக்கு ஒன்று, மற்றதற்கு முப்பத்து மூன்றுக்கு ஒன்று. லிட்டர் கணக்கில் இவை முறையே இருபது, நாற்பது, முப்பது மில்லி. பெயரில்லாத மலிவு மெஷின் என்றால் டேங்க் மூடியிலோ கையேட்டிலோ இருபத்தைந்துக்கு ஒன்று என்று அச்சிட்டிருக்கும். அதை நம்பி நாற்பது மில்லியே ஊற்றுங்கள். பக்கத்து வீட்டு மெஷின் இருபது மில்லியில் ஓடுகிறதே என்று ஒப்பிட வேண்டாம்.

விளக்கெண்ணெயிலிருந்து வந்த கதை

எந்த எண்ணெய் என்ற கேள்விக்கு நூறு வருட வரலாறு இருக்கிறது. அது தொடங்குவது நம் அடுப்படிக்குப் பக்கத்தில். விமானங்களின் தொடக்க காலத்தில், முதல் உலகப் போரில் பறந்த சுழல் என்ஜின்களுக்கு ஆமணக்கு எண்ணெயைத்தான் ஊற்றினார்கள். நம் விளக்கெண்ணெய். பெட்ரோலில் எளிதில் கரையாமல் சூடான உலோகத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும் குணம் அதற்கு. காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்ததுதான். பந்தய பைக்குகளிலும் பொம்மை விமான என்ஜின்களிலும் நெடுங்காலம் அது ஓடியது. ஆனால் எரிந்த பிறகு பிசின் மாதிரி படியும், ரிங்கை ஒட்ட வைத்துவிடும். அதனால்தான் அன்றாட வண்டிகளுக்குப் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் எண்ணெய் வந்தது. இப்போதும் ஊரில் யாராவது 'விளக்கெண்ணெய் ஊத்துனா நல்லா இழுக்கும்' என்று சொன்னால், அதில் ஒரு துளி வரலாற்று உண்மை இருக்கிறது. உங்கள் பிரஷ் கட்டரில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

எண்ணெயும் பெட்ரோலும் தனித்தனியாக இருக்க, பம்ப் ஒன்று தேவைக்கேற்ப எண்ணெயை விடும் முறையை யமஹா 1964-இல் 'ஆட்டோலூப்' என்ற பெயரில் கொண்டுவந்தது. நம் ஊர் இளைஞர்கள் இன்றும் கொண்டாடும் ஆர்எக்ஸ் 100-இல் இருப்பது அந்த ஏற்பாடுதான். ஆக்சிலேட்டரைத் திருகும் அளவுக்கு எண்ணெய் போகும். மெதுவாக ஓடும்போது வீணாகப் புகையாது. ஆனால் செயின்சாவிலும் பிரஷ் கட்டரிலும் எடை கூடும் என்பதால் பம்ப் வைப்பதில்லை. அங்கே நம் கை மட்டுமே பம்ப்.

அடுத்தது புகை. தெற்காசிய நகரங்களின் காற்றுக்கு டூ ஸ்ட்ரோக் வண்டிகள் செய்யும் கேட்டைப் பற்றி உலக வங்கி 2000-இல் ஒரு விரிவான ஆய்வு வெளியிட்டது. அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றுவதும் டூ ஸ்ட்ரோக்குக்கு உரியதல்லாத மலிவு எண்ணெயை ஊற்றுவதும் புகைக்கு முக்கியக் காரணங்கள் என்று அது எடுத்துக்காட்டியது. அதற்கு முன்பே டெல்லியில் உதிரி 2டி ஆயில் விற்பதைத் தடை செய்து, 1998 இறுதியில் பங்க்கிலேயே கலந்து கொடுக்கும் முறையைக் கட்டாயமாக்கினார்கள். 1999 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் 2டி ஆயிலுக்குக் குறைந்தபட்சத் தரம் விதிக்கப்பட்டது: ஏபிஐ டிசி, ஜாசோ எஃப்சி. இந்த எழுத்துகள்தான் இன்று டப்பாவின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கின்றன. யாரும் படிப்பதில்லை. கண்ணாடி போட்டாவது படிக்க வேண்டியவை அவை.

ஜாசோ என்பது ஜப்பானிய வாகனத் தர அமைப்பு. 1990களில் எஃப்ஏ, எஃப்பி, எஃப்சி என மூன்று படிகளை வகுத்தது. பிறகு எஃப்டி சேர்ந்தது. மசகுத்தன்மை, கரி படியாமல் சுத்தம் செய்யும் திறன், புகை, சைலன்சர் அடைப்பு ஆகிய நான்கையும் சோதித்துப் படி தருகிறார்கள். எஃப்பியில் புகை அதிகம். எஃப்சியில் புகை குறைவு. எஃப்டி புகையில் எஃப்சிக்குச் சமம், சுத்தம் செய்வதில் அதைவிட மேல். புகை குறைவதற்குக் காரணம் பாலிஐசோபியூட்டிலின் என்ற செயற்கைப் பொருள். சாதாரணக் கனிம எண்ணெயில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு இதைச் சேர்ப்பார்கள். சூட்டில் இது உடைந்து, மிச்சமில்லாமல் எரியும். எண்ணெய்க்கு நீலம், சிவப்பு, பச்சை என்று சாயம் போடுவதும் அலங்காரத்துக்காக இல்லை. கேனைத் தூக்கிப் பார்த்ததும் இது கலந்த பெட்ரோலா, வெறும் பெட்ரோலா என்று தெரிய வேண்டும். வெறும் பெட்ரோலில் செயின்சா ஓட்டினால் சில நிமிடங்களிலேயே பிஸ்டன் பிடித்துவிடும்.

காற்றா, தண்ணீரா?

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். 2டி ஆயில் என்று எழுதியிருந்தால் எல்லாம் ஒன்று என்று நினைப்பதுதான் பெரிய தவறு. உங்கள் என்ஜினைக் குளிர்விப்பது எது என்று முதலில் பாருங்கள்.

செயின்சா, பிரஷ் கட்டர், பழைய மொபெட் எல்லாம் காற்றால் குளிர்பவை. சித்திரை வெயிலில் செயின்சா நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றைத் தாண்டி ஓடும்போது சிலிண்டர் கொதிக்கும். அந்தச் சூட்டில் ரிங் ஒட்டாமல் இருக்க, சிறிதளவு உலோகச் சேர்மங்கள் கொண்ட, சுத்தம் செய்யும் எண்ணெய் வேண்டும். எஃப்டி அதற்குப் பொருந்தும்.

படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு மோட்டார் வேறு ஜாதி. அதைக் குளிர்விப்பது கடல்நீர், கழிநீர். சிலிண்டர் அவ்வளவு சூடாவதில்லை. அங்கே உலோகச் சேர்மம் உள்ள எண்ணெயை ஊற்றினால் அது முழுதாக எரியாமல் சாம்பலாகி ப்ளக்கிலும் பிஸ்டன் தலையிலும் படியும். அந்தப் படிவு தணலாகி, ப்ளக் பொறி விடுவதற்கு முன்பே கலவையைப் பற்ற வைக்கும். அதனால் அவுட்போர்டுக்கென்று சாம்பல் விடாத எண்ணெயை அமெரிக்கப் படகுத் தொழில் சங்கம் தரப்படுத்தியது. டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்று இருக்கும். டபிள்யூ என்பது தண்ணீரால் குளிர்வதைக் குறிக்கும் எழுத்து. அந்த எண்ணெயைச் செயின்சாவில் ஊற்றினாலும் கேடுதான். சூட்டில் அதன் சுத்தம் செய்யும் சக்தி போதாது, ரிங் ஒட்டிக்கொள்ளும். இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். வேலையில் ஒன்றுக்கு ஒன்று மாற்று ஆகாது.

சோழமண்டலக் கரையின் ஃபைபர் படகுகளில் நீளத் தண்டு வைத்த டீசல் என்ஜின்தான் அதிகம். அவற்றுக்கு இந்தக் கவலை இல்லை. அவுட்போர்டுகளின் கோட்டை கன்னியாகுமரி, கேரளம், பாக் நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணம், மன்னார். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் வகை அங்கே பழக்கம். 2022 ஆகஸ்டில் இலங்கை அரசு மண்ணெண்ணெய் விலையை லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே நாளில் ஏற்றியபோது வடக்கின் சிறு மீனவர்கள் படகைக் கரையில் ஏற்றிவிட்டு நின்றார்கள். எரிபொருள் விலை இப்படி ஏறும்போது முதலில் கைவைக்கப்படுவது எண்ணெயின் தரத்தில்தான். அங்கே மிச்சமாகும் காசு பிஸ்டன் செலவில் பல மடங்காகப் போய்விடும்.

பனிநாட்டு வண்டி சொல்லும் பாடம்

கனடாவில் குடியேறிய நம்மவர்களுக்கு இன்னொரு டூ ஸ்ட்ரோக் தெரியும்: ஸ்னோமொபைல். பனியில் சறுக்கிப் போகும் வண்டி. கியூபெக்கின் வால்கூர் ஊரைச் சேர்ந்த ஜோசப்-அர்மான் பொம்பார்டியே 1959-இல் ஸ்கி-டூ என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று குல்மார்க் போகும் தமிழ்நாட்டுச் சுற்றுலாப் பயணிகளும் அதில் ஏறிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். மைனஸ் நாற்பது டிகிரியிலும் எண்ணெய் உறையாமல் பம்ப்பில் ஓடி, பெட்ரோலோடு கலக்க வேண்டும் என்பது அங்கே முதல் தேவை. குளிரில் எவ்வளவு நன்றாக ஓடிக் கலக்கிறது என்பதற்கே தனித் தரப் படிகள் உண்டு. ஸ்னோமொபைல் எண்ணெய் அதில் உச்சப் படியில் இருக்கும். கிள்ளைக்கு அந்தக் குணம் தேவையே இல்லை. 'இறக்குமதி, பனிநாட்டு ஆயில்' என்று யாராவது கூடுதல் விலை சொன்னால், நாம் பயன்படுத்தாத குணத்துக்குக் காசு கொடுக்கிறோம் என்று பொருள். நமக்கு வேண்டியது சூட்டைத் தாங்குவதும் கரி சேர விடாமல் இருப்பதும்.

அந்த வண்டி நமக்கு வேறொரு பாடம் சொல்கிறது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1990களில் குளிர்காலம் முழுக்க ஸ்னோமொபைல்கள் வரிசை கட்டின. நுழைவாயிலில் சீட்டுக் கிழிக்கும் ஊழியர்கள் புகை தாங்காமல் முகமூடி அணிந்தார்கள். கூண்டுக்குள் வெளியிலிருந்து நல்ல காற்றைக் குழாய் வழியே செலுத்த வேண்டி வந்தது. வாடகை வண்டிக்காரர்களைப் புகை குறைந்த, மண்ணில் மக்கும் எண்ணெய்க்கு மாற வைத்தார்கள். கடைசியில் வண்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டி, புகை குறைந்த என்ஜின்களை மட்டும் உள்ளே விட்டார்கள்.

பிச்சாவரத்தை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை. 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம் இது. அலையாத்தி மரங்களின் மூச்சு வேர்கள் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அவற்றின் நுண்துளைகள் வழியாகத்தான் மரம் மூச்சு விடுகிறது. எண்ணெய்ப் படலம் அந்தத் துளைகளை அடைக்கக்கூடியது. பழைய வகை டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு தன் புகையைத் தண்ணீருக்குள்ளேயே விடும். உள்ளே வரும் கலவையில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட எரியாமலே வெளியேறும் என்ஜின் அது. அத்தனை பெட்ரோலும் எண்ணெயும் நேராகக் கழியில் சேரும். அந்தக் கழியில்தான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளர்கின்றன. அதே தண்ணீரில் மார்பளவு நின்று கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள் இருளர் மக்கள். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா மூன்றும் பகிர்ந்துகொள்ளும் போடன்சே ஏரியில் 1990களிலேயே படகு என்ஜின் புகைக்குக் கடும் விதி வந்துவிட்டது. பிச்சாவரத்துக் குறுகிய கால்வாய்களில் துடுப்புப் படகே போகட்டும் என்பது என் உறுதியான கருத்து. மோட்டார் கட்டாயம் வேண்டிய இடத்தில் நான்கு ஸ்ட்ரோக் அல்லது மின்மோட்டார். டூ ஸ்ட்ரோக்கைத் தவிர்க்கவே முடியாது என்றால் மக்கும் தன்மையுள்ள எஸ்டர் வகை எண்ணெய், அளந்த அளவில்.

புதிய எதிரி: இ20

இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். காருக்கு அது எப்படியோ, கடற்கரை ஊரின் டூ ஸ்ட்ரோக் மெஷினுக்கு நிச்சயம் கவனம் வேண்டிய விஷயம். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். கிள்ளை மாதிரி உப்புக்காற்று ஊரில் பாதி டேங்க் பெட்ரோலோடு மெஷினைச் சாய்ப்பில் மாதக்கணக்கில் போட்டுவைத்தால், ஈரம் சேர்ந்து ஒரு கட்டத்தில் எத்தனாலும் தண்ணீரும் கீழே பிரிந்து இறங்கிவிடும். எண்ணெய் மேலே பெட்ரோலோடு நிற்கும். டேங்கின் அடியிலிருந்து உறிஞ்சும் குழாய் எண்ணெயே இல்லாத அந்தக் கீழடுக்கை எடுக்கும். அடுத்து என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கார்புரேட்டரின் சவ்வும் ரப்பர் குழாயும் எத்தனாலில் ஊறிப்போவது தனிக் கதை. பல கம்பெனிகளின் கையேடுகள் 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் கூடாது என்றே சொல்லியிருக்கின்றன.

அதனால் அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள். கலந்து ஒரு மாதம் ஆன பெட்ரோலை மெஷினில் ஊற்றாதீர்கள். சீசன் முடிந்து எடுத்துவைக்கும்போது டேங்கைக் காலி செய்து, என்ஜின் தானாக நிற்கும் வரை ஓட்டி, கார்புரேட்டரையும் காய வைத்துவிடுங்கள்.

கலக்கும் முறையும் எளிது. மெஷின் டேங்கிலேயே கலக்கக் கூடாது. தனிக் கேன் வேண்டும். பாதிப் பெட்ரோலை விட்டு, அளந்த எண்ணெயை ஊற்றி, நன்றாகக் குலுக்கி, மீதிப் பெட்ரோலை விட்டு மறுபடி குலுக்க வேண்டும். அளப்பதற்கு மருந்துக்கடையில் கிடைக்கும் 20 மில்லி சிரிஞ்ச் போதும், ஊசி வேண்டாம். ஐம்பதுக்கு ஒன்று என்றால் லிட்டருக்கு ஒரு சிரிஞ்ச், இருபத்தைந்துக்கு ஒன்று என்றால் இரண்டு. பாட்டில் மூடியாலும் கண்ணாலும் அளந்த காலம் போகட்டும். சரியாக இருக்கிறதா என்பதை ப்ளக் சொல்லும்: வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் காய்ந்திருந்தால் நல்லது; கறுத்து எண்ணெய் ஒட்டியிருந்தால் எண்ணெய் கூடுதல் அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு; வெளுத்திருந்தால் சூடு மிகுதி, உடனே நிறுத்திப் பாருங்கள்.

காருக்கும் பைக்குக்கும் ஊற்றும் நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் ஆயிலை இதில் ஊற்றவே கூடாது. அது எரிவதற்காகச் செய்யப்பட்டதில்லை. அதிலிருக்கும் துத்தநாக, கால்சியச் சேர்மங்கள் சாம்பலாகி ப்ளக்கை அடைக்கும். இன்னொரு வழக்கத்தையும் சொல்லியே ஆக வேண்டும். செயின்சாவில் இரண்டு மூடிகள் உண்டு. ஒன்று கலந்த பெட்ரோலுக்கு, மற்றொன்று செயினுக்கு விடும் எண்ணெய்க்கு. அந்த இரண்டாவது டேங்கில் சர்வீஸ் கடையில் வடித்த பழைய ஆயிலை ஊற்றுகிறார்கள். செயின் சுற்றும்போது அது அறுப்பவர் கையிலும் முகத்திலும் மண்ணிலும் தெறிக்கிறது. பழைய என்ஜின் ஆயிலில் புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்கள் இருக்கின்றன. நாள் முழுக்க அதைத் தோலில் வாங்கிக்கொள்பவர் மெஷினின் முதலாளி இல்லை, கூலிக்கு வந்தவர்.

என்ஜின் பிஸ்டனைவிட எனக்குக் கவலை தருவது இந்தக் கூலிக்காரரின் நெஞ்சுதான். வண்டியின் புகை பின்னால் போய்விடும். முதுகில் மாட்டும் பவர் ஸ்பிரேயரின் புகை ஒரு முழ தூரத்தில், மூக்குக்குப் பக்கத்தில் வருகிறது. சுவீடனில் காட்டுத் தொழிலாளர்களுக்காக 1980களின் இறுதியிலேயே பென்சீன் போன்ற நச்சுகள் நீக்கிய தனிப் பெட்ரோலைக் கொண்டுவந்தார்கள். நம் ஊரில் அது கிடைக்காது. எஃப்டி எண்ணெய் கிடைக்கும். லிட்டருக்கு இருபது மில்லிதான் செலவாகிறது என்பதால் மலிவு எண்ணெய்க்கும் நல்ல எண்ணெய்க்கும் ஒரு நாள் வேலையில் வரும் வித்தியாசம் ஒரு டீக்காசு அளவுதான். அந்தக் காசை மிச்சம் பிடிப்பவர் மெஷின் வைத்திருப்பவர்; புகையைக் குடிப்பவர் வேறொருவர். இந்தக் கணக்கு நியாயமில்லை.

மானியத்தில் மெஷின் கொடுக்கும் வேளாண் பொறியியல் துறைக்கு ஒரு வேண்டுகோள். மெஷினோடு ஒரு அளவுக் குப்பியும், எந்த எண்ணெய், எத்தனை மில்லி என்று பெரிய தமிழ் எழுத்தில் டேங்கின் மேல் ஒரு ஸ்டிக்கரும் கொடுங்கள். ஒட்டுவதற்கு ஒரு நிமிடம் ஆகாது. விற்கும் கடைக்காரர்கள் முதல் கலவையை வாங்குபவர் கண்முன்னே அளந்து காட்டிக் கொடுக்கட்டும்.

வீட்டில் மெஷின் வைத்திருப்பவர்கள் இந்த வாரமே எண்ணெய் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். தோளில் மாட்டும், கையில் பிடிக்கும் மெஷினுக்கு ஜாசோ எஃப்டி. தண்ணீரில் ஓடும் அவுட்போர்டுக்கு டிசி-டபிள்யூ3. இரண்டில் எதுவுமே டப்பாவில் இல்லையென்றால் அந்த எண்ணெயை என்ஜினில் ஊற்றாதீர்கள்.